பவுடர் பால் கலக்கும்போது: வீட்டிலும் வெளியூரிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் போன் வருவது நிற்கவில்லை. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்கள் கூப்பிடுவார்கள், அவர்களுடைய அம்மாக்கள் கூப்பிடுவார்கள், சில நாள் நள்ளிரவில் ஒரு கையில் அழும் பிள்ளையும் மறு கையில் பாட்டிலுமாக அப்பாக்கள் கூப்பிடுவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும் தாய்ப்பால் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. நானும் அதையே சொல்வேன். ஆனால் தாயை இழந்த குழந்தை உண்டு, தத்தெடுத்த குழந்தை உண்டு, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் தாய் உண்டு, எவ்வளவு முயன்றும் பால் போதாத தாயும் உண்டு. மருத்துவர் பார்த்துப் பவுடர் பால் எழுதிக்கொடுத்துவிட்டால் அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அதைச் சரியாகக் கலக்குவதில் கவனம் வையுங்கள்.

"பவுடர் பால்னா டீ போடுற பால் பவுடரும் இதுவும் ஒண்ணுதானே? பாக்கெட் விலை பாதிதான் வருது."

இல்லவே இல்லை. டீ, காபிக்குப் போடும் பவுடர் மாட்டுப்பாலை உலர்த்தியது. பலவற்றில் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். அதில் புரதமும் உப்பும் கைக்குழந்தையின் சிறுநீரகம் தாங்கும் அளவைவிட அதிகம். இரும்புச்சத்தோ மிகக் குறைவு. குழந்தைக்கான பவுடரில் இவற்றையெல்லாம் குழந்தைக்கு ஏற்றபடி மாற்றியிருப்பார்கள். டின்னில் வரும் கெட்டிப்பாலைத் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுப்பதும் இதே தவறுதான்.

பசும்பாலையும் ஒரு வயது முடியும்வரை முக்கியப் பாலாகக் கொடுக்க வேண்டாம். தண்ணீர் கலந்து நீர்க்கக் காய்ச்சினாலும் இரும்புச்சத்து கூடிவிடாது, சக்திதான் குறையும்.

"டப்பா சீலே பிரிக்கல. அதுல எப்படிங்க கிருமி வரும்?"

எல்லாரும் ஆச்சரியப்படும் இடம் இதுதான். குழந்தைப் பவுடர் சுத்தமாகத் தயாரிக்கப்படுவது, ஆனால் கிருமியே இல்லாதது அல்ல. பாலைக் காய்ச்சி உலர்த்திப் பொடியாக்கி அடைக்கும் வழியில் சில கிருமிகள் உள்ளே வர வாய்ப்பு உண்டு. குரோனோபாக்டர் என்ற ஒன்றும், சால்மோனெல்லா என்ற ஒன்றும் முக்கியமானவை. குரோனோபாக்டர் காய்ந்த பொடியில் பல மாதம் சும்மா கிடக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்ததும் பெருகத் தொடங்கும். கலந்து வெளியில் வைத்த பால் அதற்குத் தோதான இடம்.

இந்த நோய் அரிதுதான். ஆனால் பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைந்தது, எதிர்ப்புச் சக்தி குறைந்தது ஆகியவற்றுக்கு வந்தால் ரத்தத்தையும் மூளை உறையையும் தாக்கிவிடும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்: சூடான தண்ணீர் அந்தக் கிருமியைக் கொல்லும், கலந்தவுடன் கொடுத்தால் மிச்சமிருப்பது பெருக நேரம் கிடைக்காது.

"தண்ணி எவ்வளவு சூடா இருக்கணும்? தெர்மாமீட்டர் எல்லாம் எங்க வீட்டுல கிடையாது."

உலக சுகாதார அமைப்பு 2007இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொன்னது, 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்து, அடுப்பை அணைத்த பிறகு அரை மணி நேரத்துக்குள் கலக்கிவிடுங்கள் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு. நம் வீடுகளில் சின்னப் பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைத்தான் கொதிக்க வைப்போம், அது அரை மணிக்கு வெகு முன்பே ஆறிவிடும். அதனால் ஒரு லிட்டராகக் கொதிக்க வைத்து மூடி வையுங்கள். இல்லாவிட்டால் கொதித்ததும் நல்ல ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். கொஞ்சமாகத்தான் கொதிக்க வைக்கிறீர்கள் என்றால், கொதி அடங்கி இரண்டு மூன்று நிமிடத்திலேயே கலக்குங்கள்.

இவ்வளவு சூட்டில் கலந்ததை அப்படியே கொடுத்துவிட முடியாது. பாட்டிலை மூடி, குழாய்த் தண்ணீரில் காட்டியோ, குளிர்ந்த தண்ணீர் உள்ள சட்டியில் வைத்தோ ஆற்றுங்கள். தண்ணீர் மட்டம் மூடிக்குக் கீழே இருக்கட்டும். பிறகு உங்கள் மணிக்கட்டின் உட்புறம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. இதைச் செய்யாமல் ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள்.

"டப்பாவுலயே 'வெதுவெதுப்பான நீர்'னு போட்டிருக்கே. நீங்க வேற மாதிரி சொல்றீங்களே?"

நியாயமான கேள்வி. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் கலக்கச் சொல்லும் டப்பாக்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அதிகச் சூட்டில் சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், நன்மை செய்யும் நுண்ணுயிர்களைச் சேர்த்திருந்தால் அவை செத்துவிடும். அதனால் அப்படிப் போடுகிறார்கள். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீர் பவுடரில் இருக்கக்கூடிய கிருமியைக் கொல்லாது.

மேலே சொன்ன நலிந்த குழந்தைகள் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, 70 டிகிரிதான். கொஞ்சம் வைட்டமின் குறைவதைவிட மூளைக் காய்ச்சல் பெரிய விஷயம். மாதம் நிறைந்து பிறந்து, சில மாதம் வளர்ந்து, நன்றாக இருக்கும் குழந்தைக்கு உங்கள் மருத்துவர் டப்பாவில் உள்ளபடியே கலக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். ஆனால் கலந்த நிமிடமே கொடுத்துவிட வேண்டும். எதையாவது சேர்த்திருக்கும் தனிவகைப் பவுடர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் சூட்டை மாற்ற வேண்டாம்.

"கேன் தண்ணி, ஆர்.ஓ. தண்ணி, போர் தண்ணி, எதுல கலக்கறது?"

கேன் ஆனாலும் ஆர்.ஓ. ஆனாலும் கடையில் சீல் வைத்து விற்கும் பாட்டில் ஆனாலும் கொதிக்க வைத்தே தீர வேண்டும். அவை குடிக்கத் தகுந்த தண்ணீர், அவ்வளவுதான். கிருமியற்ற தண்ணீர் அல்ல. நேற்றுக் கொதிக்க வைத்ததைத் திரும்பத் திரும்பச் சூடாக்காமல் ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் பிடியுங்கள்.

போர் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொதிக்க வைப்பது கிருமியைத்தான் கொல்லும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு, நைட்ரேட், உப்பு எதுவும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவை இன்னும் செறிவாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்ததே. உரம் அதிகம் போடும் வயலுக்கு நடுவே உள்ள கிணற்றில் நைட்ரேட் இருக்கலாம். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்க அது காரணமாகும். அப்படிப்பட்ட ஊரில் கூட்டுக் குடிநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துக் கொதிக்க வைத்துக் கலக்குங்கள்.

"ஒரு கரண்டிக்கு எவ்வளவு தண்ணி? முதல்ல பவுடரா, தண்ணியா?"

முதலில் தண்ணீர், பிறகு பவுடர். மாற்றிச் செய்தால் அளவு தவறிவிடும். 90 மி.லி. தண்ணீரில் 3 கரண்டி போட்டால் மட்டம் 90க்கு மேலே ஏறும், அது சரிதான். பவுடரைப் போட்டுவிட்டு 90 கோடு வரை தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகிவிடும்.

நம் ஊர் டப்பாக்களில் பொதுவாக 30 மி.லி. தண்ணீருக்குத் தலைதட்டி 1 கரண்டி. இருந்தாலும் உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. கரண்டியின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய டப்பாவின் கரண்டியைப் புது டப்பாவில் போடாதீர்கள். கரண்டியை அழுத்தி நிரப்பாமல், தளர்வாக எடுத்து, காய்ந்த கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும்போது பாட்டிலை மேடைமேல் வைத்துவிட்டு, கோட்டுக்கு நேரே கண்ணைக் கொண்டுவந்து பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் பத்து மி.லி. சுலபமாகத் தவறும்.

"கொழுகொழுன்னு வரட்டும்னு எங்க அத்தை ஒரு கரண்டி கூடப் போடச் சொல்றாங்க."

அத்தையின் ஆசை புரிகிறது. ஆனால் கெட்டிப் பால் குழந்தையைக் கொழுக்க வைப்பதற்கு முன்னால் வற்ற வைத்துவிடும். அதிகப்படியான உப்பையும் புரதத்தையும் வெளியேற்ற உடம்பில் உள்ள தண்ணீர் செலவாகும். மலம் இறுகும், சிறுநீர் குறையும், முற்றினால் வலிப்பு வரை போகும். வார்டில் ஒரு குழந்தையை இன்னும் மறக்கவில்லை. நான்கு நாளாக ஓயாத அழுகை என்று கொண்டுவந்தார்கள். பசிக்கு அழுகிறது என்று நினைத்து அழும்போதெல்லாம் அதே கெட்டிப் பாலையே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டி கரண்டியை எப்படி எடுக்கிறார் என்று செய்துகாட்டச் சொன்னேன். கோபுரம்போல் குவித்து எடுத்தார். ஒரு கரண்டியில் ஒன்றரைக் கரண்டி இருந்தது. அந்தக் குழந்தைக்கு அது தாகம்.

"மாசக் கடைசியில கட்டுப்படி ஆகல. தண்ணி கொஞ்சம் சேர்த்து நீட்டிக்கலாமா?"

இதைக் கேட்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டே கேட்பார்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் செய்யாதீர்கள். நீர்த்த பாலில் வயிறு நிறையும், உடம்பு வளராது. தண்ணீர் மிகுந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பும் வரலாம். விலை குறைந்த பவுடருக்கு மாறுவது பாலை நீர்க்கக் கொடுப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கான பதிலைக் கீழே பாருங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அரசு மருத்துவமனை குழந்தை மருத்துவரிடமோ நிலைமையைச் சொல்லுங்கள். தாய்ப்பாலைக் கூட்ட வழி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். குறைமாதத்தில் பிறந்து வார்டில் இருக்கும் குழந்தைக்கு என்றால், தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கி உண்டு, கேளுங்கள்.

"எங்க அண்ணன் அமெரிக்காவுலேர்ந்து டப்பா கொண்டுவந்தான். அதே அளவுலதானே கலக்கணும்?"

இல்லை. அங்கே விற்கும் டப்பாக்களில் பெரும்பாலும் 2 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 60 மி.லி. தண்ணீருக்கு 1 கரண்டி. கரண்டியே பெரியது. நம் பழக்கத்தில் 30 மி.லி.க்கு ஒன்று போட்டால் பால் இரு மடங்கு கெட்டியாகிவிடும். அதன் ஆபத்தை அத்தையின் கேள்வியில் சொல்லிவிட்டேன். எந்த ஊர் டப்பா ஆனாலும் முதல் வேலை, தண்ணீர் அளவையும் கரண்டி அளவையும் படித்து, மார்க்கர் பேனாவால் மூடிமேல் பெரிதாகத் தமிழில் எழுதிவிடுவது. ராத்திரி அரைத் தூக்கத்தில் கலக்குபவர் யாராக இருந்தாலும் உதவும்.

"பாட்டில்ல வெந்நீர் ஊத்திக் குலுக்கினா போதாதா?"

போதாது. உங்கள் வீட்டுப் பாட்டிலின் வளையத்தைக் கழற்றி, உள்ளே மரை ஓடும் இடத்தை விரல் நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, வழவழப்பாக ஒரு கோடு வந்தால் அது நேற்றைய பால் கொழுப்பு. நிப்பிளை உள்வெளியாகத் திருப்பி மோந்து பாருங்கள், லேசாகப் புளித்த வாசனை வரும். வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் இந்த இரண்டு இடத்துக்கும் போய்ச் சேராது.

குடித்து முடித்ததும் காயவிடாமல் பாட்டில், வளையம், நிப்பிள், மூடி எல்லாவற்றையும் பிரித்து, சோப்புப் போட்டு, இதற்கென்றே வைத்த பிரஷால் தேயுங்கள். நன்றாக அலசுங்கள். பிறகு பெரிய பாத்திரத்தில் எல்லாம் முழுகும்படி தண்ணீர் விட்டு, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தேய்க்காமல் கொதிக்க வைப்பது பயனில்லை, ஒட்டியிருக்கும் கொழுப்பு கிருமிக்குப் போர்வை மாதிரி. எடுத்தபின் முந்தானையாலோ துண்டாலோ துடைக்காதீர்கள், தண்ணீரை உதறிவிட்டுப் பயன்படுத்தலாம். உடனே தேவையில்லை என்றால் எல்லாம் பூட்டி மூடி போட்டு வையுங்கள், 24 மணி நேரத்துக்குமேல் ஆனால் மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். நிப்பிள் பிசுபிசுத்தாலோ வெடித்தாலோ துளை பெரிதானாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் உங்கள் கை, சோப்புப் போட்டுக் கழுவியது.

"ஆஸ்பத்திரியில பாலாடையில குடுத்தாங்க. வீட்டுலயும் அதுவே போதுமா, பாட்டில் வாங்கணுமா?"

போதும். உண்மையில் அதுதான் நல்லது, என் ஓட்டு பாலாடைக்குத்தான். சங்கு என்றும் சொல்வார்கள். மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். ஒளிவு மறைவான இடுக்கே இல்லாததால் ஒரு தேய்ப்பில் சுத்தமாகும், பத்து நிமிடம் கொதித்தால் முடிந்தது. நம் பாட்டிமார் கண்ட பொருளை இன்று குழந்தை மருத்துவர்களே பாட்டிலுக்குப் பதிலாகப் பரிந்துரைக்கிறார்கள். தாய்ப்பாலும் குடிக்கும் குழந்தைக்கு நிப்பிள் பழகி மார்பை மறுக்கும் தொல்லையும் இதில் குறைவு.

குழந்தையை மடியில் தலை உயர்ந்திருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் பாலாடையைச் சாய்த்துப் பிடியுங்கள். குழந்தை நாக்கை நீட்டித் தானே உறிஞ்சும். விழுங்கியதா என்று பார்த்து அடுத்த வாய். படுக்க வைத்து வாயில் ஊற்றுவதும், மூக்கைப் பிடித்துப் புகட்டுவதும் நுரையீரலுக்குப் பால் போக வழி. குழந்தை அரை மயக்கத்தில் இருந்தாலும் ஊற்ற வேண்டாம்.

"அவ்வளவு சூட்டை பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்தலாமா?"

பாலிபுரொப்பிலீன் பாட்டில் அந்தச் சூட்டில் உருகாது. ஆனால் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வதும், சூடு ஏற ஏற அதிகமாக உதிர்வதும் 2020இல் அயர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. அதற்காகத் தண்ணீரின் சூட்டைக் குறைத்துவிடாதீர்கள். கோடு போட்ட கண்ணாடிப் பாட்டிலில் கலந்து ஆற்றுங்கள், அல்லது கொதிக்க வைத்த எவர்சில்வர் டம்ளரில் கலந்து ஆறவைத்துப் பாலாடையிலோ பாட்டிலிலோ ஊற்றுங்கள். எந்தப் பாட்டில் வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

"பாதி குடிச்சுட்டு தூங்கிட்டான். எழுந்ததும் மிச்சத்தைக் குடுக்கலாமா?"

கூடாது. வாய் வைத்ததும் எச்சில் பாட்டிலுக்குள் போய்விடுகிறது. குடிக்க ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். வாயே வைக்காத பால் என்றால் கலந்ததிலிருந்து அதிகபட்சம் 2 மணி நேரம். அதுவும் நம் சித்திரை வெயிலில், கரண்ட் போன அறையில் என்றால் நான் அவ்வளவு நேரம்கூட வைக்கமாட்டேன். கொட்ட மனம் வரவில்லை என்றால் அடுத்த முறை குறைவாகக் கலக்குங்கள். 60 மி.லி. கலந்து, தீர்ந்தபின் இன்னொரு 30 கலப்பது வேலைதான், ஆனால் பவுடர் மிச்சமாகும்.

"ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கான். மொத்தமா கலந்து ஃபிரிட்ஜ்ல வெச்சுக்கலாமா?"

அவசியம் ஏற்பட்டால் செய்யலாம், ஆனால் சுத்தமாகச் செய்ய வேண்டும். 70 டிகிரித் தண்ணீரில் கலந்து, தனித்தனிப் பாட்டிலில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீரில் வைத்து உடனே ஆற்றி, ஃபிரிட்ஜின் உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும் இடம் அது. உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் போயிருந்தால் கொட்டிவிடுங்கள். எடுத்ததை வெந்நீர்ப் பாத்திரத்தில் 15 நிமிடத்துக்கு மிகாமல் வைத்துச் சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியது திரும்ப ஃபிரிட்ஜுக்குப் போகக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெளியே தொட்டால் இதமாக இருக்கும், நடுவில் ஒரு பகுதி நாக்கைச் சுட்டுவிடும்.

என்னைக் கேட்டால் இதைவிட எளிய வழி: படுக்கும்போது ஃபிளாஸ்க் நிறையக் கொதிநீர், கொதிக்க வைத்த பாட்டில்கள், அளந்து வைத்த பவுடர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் தயாராக வைத்துக்கொள்வது. ஐந்து நிமிட வேலைதான். அதை அப்பாவோ பாட்டியோ செய்யட்டும், பெற்றவள் கொஞ்சம் கண்ணயரட்டும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கணும்?"

முதல் வாரம் கழிந்தபின் ஆறு மாதம் வரை, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மி.லி. என்பது பொதுக் கணக்கு. 5 கிலோ என்றால் 750 மி.லி., ஆறு தடவையாகப் பிரித்தால் தடவைக்கு 125. இது சராசரிதான், பிள்ளைக்குப் பிள்ளை மாறும். நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்பதுதான் உங்களுக்குச் சாட்சி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம், பாட்டில் காலியாக வேண்டும் என்று திணிக்காதீர்கள். தலையணை முட்டுக்கொடுத்துப் பாட்டிலை வாயில் வைத்துவிட்டு நகர்வதும் வேண்டாம். புரையேறினால் பக்கத்தில் ஆள் இருக்காது.

"குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு காது குத்துறோம். காலையில கிளம்பினா ராத்திரிதான் வருவோம்."

வீட்டில் கலந்து பாட்டிலில் எடுத்துப் போகாதீர்கள், அது ஒன்றுதான் பெரிய விதி. வேனில் நான்கு மணி நேரம் குலுங்கிய வெதுவெதுப்பான பால் என்னவாகும் என்பது இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது. தண்ணீரும் பவுடரும் தனித்தனியாகப் போகட்டும்.

புறப்படும்போது ஃபிளாஸ்க்கை முதலில் கொஞ்சம் கொதிநீர் விட்டு அலசிச் சூடேற்றி, பிறகு கழுத்து வரை கொதிநீர் நிரப்பி மூடுங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறும். குழந்தையின் ஃபிளாஸ்க்கில் பெரியவர்களுக்குக் காபி கலக்கத் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். நல்ல ஃபிளாஸ்க் சில மணி நேரம் 70 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும், நான் நான்கு மணி நேரத்துக்கு மேல் நம்புவதில்லை. பவுடரை ஒரு வேளைக்கு ஒன்றாகக் கழுவிக் காயவைத்த சின்னச் சம்படங்களில் அளந்து போடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி, எவ்வளவு தண்ணீர் என்று ஒட்டிவிடுங்கள். வேளைக்கு ஒரு பாட்டில், வீட்டிலேயே கொதிக்க வைத்துப் பூட்டியது. ஆற்றுவதற்கு ஒரு எவர்சில்வர் தூக்கு, அதில் ஊற்ற ஒரு பாட்டில் சாதாரணத் தண்ணீர்.

தாய்ப்பாலும் கொடுப்பவராக இருந்தால் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. தயங்காமல் போங்கள்.

"வழியில ஃபிளாஸ்க் தண்ணி தீர்ந்துடுச்சு. டீக்கடையில வெந்நீர் வாங்கலாமா?"

கேட்டு வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. 'வெந்நீர் குடுங்க' என்று கேட்காமல், 'கைக்குழந்தைக்குப் பால் கலக்கணும், புதுத் தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடுங்க' என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று கொதி வருவதைப் பாருங்கள். கேட்டு இல்லையென்று சொன்ன டீக்கடைக்காரரை நான் பார்த்ததில்லை. கல்யாண மண்டபச் சமையல்கட்டிலும் அப்படியே. பாய்லர் குழாயில் வருவதும், ரயிலில் கெட்டிலில் கொண்டுவருவதும் கொதித்த தண்ணீர்தானா, எப்போது கொதித்தது என்று நமக்குத் தெரியாது. நேராக உங்கள் பாட்டிலிலோ ஃபிளாஸ்க்கிலோ வாங்குங்கள், கடைக் குவளையில் வேண்டாம்.

"ஊட்டிக்குப் போனா தண்ணி சீக்கிரம் கொதிச்சிடுமாமே, கிருமி சாகுமா?"

சாகும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். நமக்கு வேண்டிய 70க்கு அது தாராளம். மலையில் கொதி வந்தபின் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். குளிரில் வேகமாக ஆறும் என்பதால் உடனே ஃபிளாஸ்க்கில் ஊற்றுங்கள்.

"தாய்ப்பால் கொஞ்சம் பீய்ச்சி வெச்சிருக்கேன். அதுலயே பவுடரைப் போட்டுக் கலக்கலாமா?"

வேண்டாம். பவுடர் தண்ணீரில்தான் கரைய வேண்டும், தாய்ப்பாலில் கரைத்தால் முன்பு சொன்ன கெட்டிப் பால் கதைதான். முதலில் தாய்ப்பாலைத் தனியாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, போதாததற்குப் பவுடர் பால் கொடுங்கள். மிஞ்சினால் பவுடர் பால் மிஞ்சட்டும். ஒரு சொட்டுத் தாய்ப்பாலையும் கொட்ட நேரக் கூடாது.

"கொஞ்சம் சர்க்கரை, கிரைப் வாட்டர், உரை மருந்து, ஏதாவது சேர்க்கலாமா?"

தண்ணீர், பவுடர். வேறு எதுவும் இல்லை. சர்க்கரை, கல்கண்டு, சத்துமாவு, வசம்பு, ஜாதிக்காய் எதுவும் பாட்டிலுக்குள் போகக் கூடாது. தேனை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டுவைக்கக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே திணறும். கொதிநீரும் அந்த வித்தை அழிக்காது.

"திறந்த டப்பா எத்தனை நாள் வரும்? எறும்பு ஏறினா சலிச்சுப் போடலாமா?"

டப்பாவில் போட்டிருக்கும் நாள்தான், பெரும்பாலும் மூன்று நான்கு வாரம். பிரித்த தேதியை மூடியில் எழுதுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் கோக்கும், அடுப்புக்குத் தள்ளி உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. அட்டைப்பெட்டிப் பாக்கெட் என்றால் உறையோடு காற்றுப் புகாத டப்பாவில் இறக்குங்கள், அளவு அச்சிட்ட அட்டையை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எறும்பு ஏறினாலோ கட்டி தட்டினாலோ நிறம் மாறினாலோ மிச்சத்தைப் பார்க்காமல் வீசிவிடுங்கள்.

"எந்தக் கம்பெனி நல்லது? விளம்பரமும் வரல, டப்பாவுல குழந்தை படமும் இல்ல, எப்படித் தேர்ந்தெடுக்கறது?"

விளம்பரம் வராததற்குக் காரணம் சட்டம். உலக சுகாதார அமைப்பு 1981இல் தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியாவில் 1992இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது, 2003இல் இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது, டப்பாவில் குழந்தை படம் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் இருக்க வேண்டும், மருத்துவப் பணியாளர்கள் எந்த பிராண்டையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது. நல்ல சட்டம். நானும் பெயர் சொல்வதில்லை.

பெயர் சொல்லத் தேவையும் இல்லை. மாதம் நிறைந்த, நோயில்லாத குழந்தைக்கு விற்கும் சாதாரண முதல்நிலைப் பவுடர்கள் எல்லாம் ஒரே அரசு அளவுகோலுக்குக் கட்டுப்பட்டவை. விலை அதிகம் என்பதால் சத்து அதிகம் என்று இல்லை. வயதுக்கு ஏற்ற நிலையா, காலாவதி தேதி என்ன, டப்பா நசுங்காமல் இருக்கிறதா, உங்களால் மாதாமாதம் வாங்க முடியுமா என்று பாருங்கள். சோயா, லாக்டோஸ் நீக்கியது போன்றவை மருத்துவர் சொன்னால் மட்டும்.

"பாட்டில் பழகிடுச்சு. இனிமே தாய்ப்பாலுக்குத் திரும்ப முடியாதா?"

பலருக்கு முடிகிறது, முதல் சில மாதங்களில் இன்னும் எளிது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். பவுடர் பாலை ஒரேயடியாக நிறுத்திவிடாமல், ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் போட்டு, பிறகு பாலாடையில் கொடுத்து, எடையைப் பார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும். மருத்துவமனையில் பாலூட்டல் ஆலோசகரோ அனுபவமுள்ள செவிலியரோ பக்கத்தில் உட்கார்ந்து பிடிமானத்தைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?"

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உடம்பு சில்லிடுவது, உச்சிக்குழி புடைப்பது அல்லது உள்வாங்குவது, வலிப்பு, விடாத வாந்தி, மலத்தில் ரத்தம், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே கிளம்புங்கள். வண்டி இல்லை என்றால் 108. போகும்போது பவுடர் டப்பாவையும் கரண்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தப் பவுடர், எந்தத் தொகுதி எண், எப்படிக் கலந்தீர்கள் என்று மருத்துவர் கேட்பார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள்.